மூன்றாவது தடங்கல்

நாச்சிமுத்துவின் காதுக்குள் ஒன்பது வருடமாக ஒரு விசில் ஊதிக்கொண்டிருந்தது. கோவை கணபதிப் பகுதியில் பம்ப்செட் வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில், வார்ப்புகளைக் கிரைண்டரில் தேய்த்துப் பிசிறு எடுக்கும் இடத்தில் இருபத்தாறு வருடம் நின்றவர் அவர். அங்கே நின்ற காலம் வரை ஒன்றும் தெரியவில்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த முதல் வாரத்தில்தான் அது தன்னைக் காட்டிக்கொண்டது.

“குக்கரு விசிலுன்னா மூணு ஊதிட்டு நின்னுருமுங்க. இது மூச்சே வாங்கறதில்ல” என்றார் முதல் நாள் சுபத்ராவிடம்.

சுபத்ரா கோவையில் ஒரு நரம்பியல் ஆய்வு மையத்தில் செவித்திறன் நிபுணர். காதிரைச்சலுக்கு மின்துடிப்பால் சிகிச்சை கொடுத்துப் பார்க்கும் ஆய்வுக்கு நாற்பது பேரைப் பொறுக்கி எடுத்து, மூன்று மாதம் அவர்களைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. முந்நூறு பேர் மனுப் போட்டிருந்தார்கள். நாச்சிமுத்து அதிகம் பேசவில்லை. அவருக்கும் சேர்த்துப் பேசியது அவர் மனைவி ருக்குமணிதான்.

“பேத்தி சிரிச்சா எந்திரிச்சு வெளிய போயிடறாருங்க. அந்தச் சிரிப்பு, விசிலோட சேந்து குத்துதாமா. போன ஆடியில சொல்லாமக் கொள்ளாம ரயில்வே கேட்டு வரைக்கும் நடந்து போயிட்டாரு. நாந்தான் பின்னாலயே போயிக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்.” சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எப்படியாச்சும் இவரச் சேத்துக்கோங்க, டாக்டரம்மா.”

சுபத்ரா ஒரு தாளில் காதையும் மூளையையும் வரைந்து காட்டினாள்.

“விசில் காதுல இல்லீங்கம்மா. காதுல அந்தச் சுரத்துக்கான நரம்பு செத்துப்போச்சு. அங்கிருந்து சேதி வர்றது நின்னதும் மூளை சும்மா இருக்கமாட்டேங்குது, தானே ஒரு சத்தத்த உண்டாக்கிக்குது. இப்ப, கழுத்துல ஒரு நரம்பு ஓடுது. வேகஸ்னு பேரு. அதைச் சின்னதா ஒரு மின்துடிப்பால தட்டினா, மூளை அந்த நொடியில கேக்கற சத்தத்த ‘இது முக்கியம், பதிஞ்சு வை’ன்னு எடுத்துக்கும். நாங்க விசிலைத் தவிர மத்த சுரமெல்லாம் கேக்க வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தட்டுத் தட்டுவோம். கொஞ்சங் கொஞ்சமா விசில் புடிச்சு வெச்சிருக்கற இடம் சுருங்கிடும்.”

நாச்சிமுத்து தலையாட்டினார். ருக்குமணி சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்.

“அப்பொ அந்த நேரத்துல பக்கத்துல நாம என்ன பேசுனாலும் அதும் பதிஞ்சுருமுங்களா?”

இந்தக் கேள்வியை நாற்பது பேரின் வீட்டாரில் வேறு யாரும் கேட்கவில்லை. சுபத்ரா சிரித்துக்கொண்டே, “பேசாம இருந்துட்டா நல்லதுங்கம்மா” என்றாள்.

நாச்சிமுத்துவின் காறை எலும்புக்குக் கீழே நாணயம் அளவில் ஒரு கருவியைத் தைத்து வைத்தார்கள். வீட்டில் தினமும் இரண்டு மணியிலிருந்து நாலரை வரை அவர் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒரு சுரம், கூடவே ஒரு துடிப்பு. காதை முழுதாக அடைத்தால் விசில் பெரிதாகிவிடும் என்பதால் வெளிச்சத்தமும் உள்ளே வரும் வகை ஹெட்ஃபோன் அது. வீட்டில் இரைச்சல் அளவுக்கு மீறுகிறதா என்று பார்க்க அதில் ஒரு மைக்கும் இருந்தது. நடுவில் கழற்றினால் மையத்துக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் கழற்றினார். கேஸ் சிலிண்டர் வந்திருந்தது. ஆறாவது வாரத்தில் மாடித்தொட்டி நிரம்பி வழிய, மோட்டாரை நிறுத்தத் தெரியாமல் ருக்குமணி வந்து அவர் தோளைத் தொட்டாள். அன்று மாலை அவருடைய செல்போனுக்குச் சுபத்ராவின் பெயரில் ஒரு செய்தி போயிற்று: ‘இது உங்களுடைய இரண்டாவது தடங்கல். மூன்றாவது முறை தடங்கினால் ஆய்விலிருந்து நீக்கப்படுவீர்கள்.’

அவர் பதறிப்போய்க் கூப்பிட்டார். “இனிமே ஆகாதுங்க. ஊட்டுல சத்தம் போட்டுட்டேன். நாலரை மணி வரைக்கும் கூரை எரிஞ்சாலும் என்னயக் கூப்புடப்படாதுன்னு சொல்லியிருக்கறேன்.”

“பார்த்துக்கங்க. இன்னொரு தடவ ஆச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல” என்றாள் சுபத்ரா. அப்போது விசில் பாதியாகக் குறைந்திருந்தது.

ஒன்பதாவது வாரத்தில் ருக்குமணி இறந்துபோனாள். மகள் கலைவாணி திருப்பூரிலிருந்து அழைத்துத் தகவல் சொன்னாள். அம்மா மத்தியானம் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டாள், மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் இல்லை. நாச்சிமுத்துவை ஆய்விலிருந்து விலக்கிக்கொள்ளலாமா என்று சுபத்ரா யோசித்தாள். ஆனால் நான்காம் நாள் மதியம் இரண்டு மணிக்கு அவருடைய ஹெட்ஃபோன் மறுபடி இயங்கத் தொடங்கியிருப்பதைத் திரையில் பார்த்தாள். அதன் பிறகு ஒரு நாள்கூட விடாமல் பன்னிரண்டு வாரத்தையும் முடித்தார்.

கடைசிப் பரிசோதனைக்கு வந்தபோது இளைத்திருந்தார். கேள்வித்தாளில் முதல் கேள்வி: கடந்த ஒரு வாரத்தில் காதில் விசில், இரைச்சல், ரீங்காரம் ஏதாவது கேட்டதா? ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டார். சுபத்ராவுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அவரை ஒலிபுகா அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். வெளியிலிருந்து சுரங்களை அனுப்பினாள். கேட்கும்போது அவர் பொத்தானை அழுத்தினார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக மூன்று நிமிடம் முழு நிசப்தம். அதில் ஏதாவது கேட்டால் அழுத்த வேண்டும்.

அவர் அழுத்தவில்லை. ஒலிபெருக்கி வழியாக அவர் குரல் மெல்ல வந்தது.

“வர்றேன்.”

தன்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்தாள். “என்னங்க?”

“ஒண்ணுமில்லீங்க.”

சிறிது நேரத்தில் மறுபடியும். “வர்றேன், வர்றேன்.” கண்ணாடி வழியே பார்த்தாள். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, ஹெட்ஃபோனின் வயர் இழுக்கவும் மீண்டும் உட்கார்ந்தார்.

அவள் பரிசோதனையை நிறுத்திவிட்டு அவரைக் கேண்டீனுக்கு அழைத்துப்போனாள். டீயை ஆற்றிக்கொண்டே வெகு நேரம் இருந்தவர், குடிக்காமலே சொன்னார்.

“என்ற ஊட்டுக்காரிங்க. ‘ஏனுங்க, ஏனுங்க’ன்னு கூப்புடறா.”

“எப்பவுமா?”

“சத்தம் அடங்கினா போதுமுங்க. சோத்த வாயில வெக்கறப்ப. பஸ்ஸுக்கு நிக்கறப்ப. பொறத்தால கல்லுக்கிட்ட இருந்து கூப்புடறாப்புலயே இருக்கும். இல்லைன்னு தெரியும். தெரிஞ்சேதான் எந்திரிச்சுப் போயிப் பாத்துட்டு வாரேன்.”

“அன்னைக்கு நடந்ததைச் சொல்லுங்க.”

“மெசினப் போட்டு உக்காந்திருந்தனுங்க. நாப்பது நிமிசந்தான் பாக்கி. ரெண்டு தடவ கூப்புட்டா. ஏற்கனவே ரெண்டு தடங்கல் ஆயிருச்சு, இனி ஒண்ணு ஆனா எடுத்துருவீங்கன்னு...” நிறுத்தினார். “எந்திரிக்கலீங்க. அதுக்கப்புறம் சத்தமே இல்ல. சரி, வேலை முடிஞ்சிருச்சாட்டிருக்குதுன்னு இருந்துட்டேன்.”

சுபத்ரா தன் டீயைத் தள்ளி வைத்தாள்.

“ஆசுபத்திரி டாக்டர் சொன்னாருங்க, உழுந்த நிமிசமே உசுரு போயிருக்கும், நீங்க ஓடியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுன்னு. மகளுக்கும் அதைத்தான் சொல்லி வெச்சிருக்கறேன்” என்றார். பிறகு, “அந்த மைக்குல இதெல்லாம் ஏறியிருக்குங்களா?” என்று கேட்டார்.

“ஏறியிருக்கும். தொண்ணூறு நாள் வெச்சிருப்போம்.”

“நீங்க ஒருக்காக் கேட்டுப் பாருங்க” என்றார் நாச்சிமுத்து. “கேட்டுட்டு எனக்குச் சொல்லுங்க.”

மறுநாள் காலை தன் மேசையில் உட்கார்ந்து அந்த நாளின் பதிவைத் திறந்தாள். மின்விசிறி ஓடும் சத்தம். தெருவில் தக்காளி விற்பவனின் ஒலிபெருக்கி. அரை நிமிடத்துக்கு ஒரு சுரம். மூன்று ஐம்பத்திரண்டுக்கு எங்கோ ஒரு பிளாஸ்டிக் வாளி உருண்டது. அதன் பின்,

‘ஏனுங்க.’

பிறகு இன்னொரு முறை, சத்தமாக. அதோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. எண்ண வேண்டும் என்று நினைக்காமலே அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது அழைப்போடு ஒரு பாத்திரத்தைக் கல்லில் தட்டும் ஓசையும் வந்தது. குரல் போதவில்லை என்று தட்டியிருக்கிறாள். ஏழாவது, ‘ஏ’ என்பதோடு அறுந்தது. பதினொன்றாவதைக் கேட்க ஒலியளவை மூன்று தடவை ஏற்ற வேண்டியிருந்தது. அப்போது மணி நான்கு ஆறு. மொத்தம் பதினான்கு நிமிடம்.

அந்தக் குரலைவிட அவளை வதைத்தது வேறொன்று. ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் மைக்குக்கு வெகு அருகில் நாற்காலி ஒரு முறை கிறீச்சிட்டது. எழப்போய், உட்கார்ந்திருக்கிறார். பதினொரு முறையும்.

அதற்குமேல் நாலரை வரை சுரங்கள் மட்டும் வந்தன. முடிந்ததற்கு அடையாளமாக ஒரு மணியோசை. பிறகு ஓடும் காலடிகள்.

சுபத்ரா நேராகப் பேராசிரியர் அனந்தகிருஷ்ணனின் அறைக்குப் போனாள். ஆய்வுக்குத் தலைவர் அவர்தான். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

“பாவம்” என்றார். “விசில் இருக்கா அவருக்கு?”

“இல்ல சார்.”

“அப்போ ‘முற்றிலும் நீங்கியது’ன்னு போடு. படிவத்துல விசில்னு இருக்கு, இரைச்சல்னு இருக்கு. குரல்னு ஒரு கட்டம் இருக்கா?”

“சார், அந்த எஸ்.எம்.எஸ். அதனாலதான் அவரு எழுந்திரிக்கல.”

“யாரையாவது நீக்கியிருக்கோமா?”

“இல்ல. ஏழு பேரு மூணு தடவைக்கு மேல கழட்டியிருக்காங்க. ஒருத்தரையும் நீக்கல.”

“அப்புறம் என்ன? பயம் இருந்தாத்தான் ஒழுங்கா உக்காருவாங்கன்னு போட்டது. நல்லா வேலை செஞ்சுது. எழுதினது நீதானே?”

அவள்தான் எழுதினாள். அவர் ‘கொஞ்சம் கண்டிப்பா ஒரு வரி போடு’ என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். ‘நீக்கப்படலாம்’ என்று முதலில் எழுதி, பிறகு ‘நீக்கப்படுவீர்கள்’ என்று மாற்றியதுகூட அவளுக்கு நினைவிருந்தது.

அனந்தகிருஷ்ணன் அதற்குள் வேறெதையோ யோசிக்கத் தொடங்கியிருந்தார். “பதினாலு நிமிஷம்னா எத்தனை துடிப்பு? இருபத்தெட்டு. மூணு மாசம் தட்டியும் நம்ம சுரம் எதுவும் இவ்வளவு ஆழமாப் பதியல. இது எப்படிப் பதிஞ்சுது?”

“பயம், சார். பயந்தா உடம்பும் மூளைக்கு அதே சேதியைத்தான் அனுப்புது, பதிஞ்சு வைன்னு. நம்ம கருவி ஒரு பக்கம் தட்டியிருக்கு. அவரு உடம்பு இன்னொரு பக்கம் தட்டியிருக்கு.”

“அதேதான்!” பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்தார். “இருபத்தெட்டுத் துடிப்புல ஒரு மனுஷக் குரல். கேட்டா எழுந்திரிக்காம இருக்க முடியல. இது எங்க போகும்னு நெனச்சுப் பாரு. மில்லுல அபாயச் சங்கு. பட்டாளத்துல உத்தரவு. கருவி செஞ்ச கம்பெனியில இருந்து வெள்ளிக்கிழமை ஆள் வர்றாங்க, அவங்க இதைக் கேக்கணும். அந்தப் பதிவை எனக்கு அனுப்பு.”

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை சுபத்ரா நினைத்துப் பார்த்தாள். நீள மேசை, பிஸ்கட் தட்டுகள், சுவரில் இருந்த பெரிய ஸ்பீக்கரில் ருக்குமணி தன் புருஷனைக் கூப்பிடுகிறாள். யாரோ ஒருவர், கொஞ்சம் சத்தமாக வையுங்கள் என்கிறார்.

தன் மேசைக்குத் திரும்பி அந்தப் பதிவை அழித்தாள். சர்வரில் இருந்த நகலையும் அழித்தாள். இறந்துபோன பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது பொய்யில்லை. ஆனால் தன் பெயரில் போன ஒரு வரி என்ன செய்தது என்பதற்கு இனி சாட்சி இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மறுநாள் மதியம் நாச்சிமுத்துவின் வீட்டுக்குப் போனாள். ஒரு ஹால், ஒரு சமையலறை, பின்னால் கொஞ்சம் திறந்த இடம். மகள் திருப்பூர் திரும்பிப் போயிருந்தாள். அவர் ஒரே ஆளுக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணு சொல்லணும்” என்றாள். “மூணாவது தடவ தடங்கினா நீக்கிடுவோம்னு நான் அனுப்பினது உண்மையில்ல. அப்படி ஒரு விதியே கிடையாது. எல்லாரும் ஒழுங்கா உக்காரணும்னு எழுதினது.”

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“அப்பொ நான் எந்திரிச்சிருந்தா?”

“ஒண்ணும் ஆகியிருக்காதுங்க.”

“மெசினப் புடுங்கியிருக்க மாட்டீங்க.”

“மாட்டோம்.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அவரோ முழங்காலில் ஒட்டியிருந்த கறிவேப்பிலை ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு, “எழுதுனது நீங்க. உக்காந்திருந்தது நானுங்க” என்றார்.

“அந்தக் குரலை எடுத்துடலாம்” என்றாள் அவசரமாக. “விசிலை எடுத்த மாதிரியே. இன்னொரு ரெண்டு மாசம் சிகிச்சை. அதுக்கு நான் பொறுப்பு.”

“அதிருக்கட்டும். பதிவைக் கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“என்ன இருந்துச்சுங்க?”

வரும் வழியெல்லாம் அவள் இதைத்தான் ஒத்திகை பார்த்திருந்தாள்.

“நீங்க சொன்ன மாதிரிதாங்க. ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. அதோட சரி. ஆஸ்பத்திரியில சொன்னது சரிதான், உயிர் உடனே போயிருக்கும். உங்க மேல ஒரு தப்பும் இல்ல.”

நாச்சிமுத்து அவளையே பார்த்தார். கோபம் இல்லை. நெடுநேரம் வரிசையில் நின்று, கவுன்டருக்கு வந்ததும் முகத்துக்கு நேரே கதவு இறக்கப்பட்டவரின் பார்வை.

“பதினொண்ணுங்க” என்றார்.

சுபத்ரா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அஞ்சாவது தடவ சொம்பால கல்லத் தட்டுனா. ஏழாவது பாதியில நின்னு போச்சு. பொறகு நாலு. கடைசி ஒண்ணு காத்து மாதிரி. வரிசையா அதே பதினொண்ணும் வருமுங்க, மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். ரெண்டுன்னு நாந்தான் எல்லாத்துகிட்டயும் சொன்னேன். ஆசுபத்திரியில அப்படிச் சொன்னதாலதான் அந்த டாக்டரும் உழுந்ததும் போயிருக்கும்னாரு.”

“அய்யா...”

“கூரை எரிஞ்சாலும் கூப்புடாதன்னு சொல்லியிருந்தேன். அதையும் மீறிக் கூப்புடறான்னா சும்மா கூப்புட மாட்டான்னு எனக்குத் தெரியாதுங்களா? தெரியும். மொதத் தடவையே தெரியும். இன்னும் அஞ்சு நிமிசம், இன்னும் அஞ்சு நிமிசம்னு இருந்தேன். விசிலு போயிட்டு இருந்துச்சுங்க, ஒம்போது வருசத்துக்கு அப்புறம். அத விட மனசில்ல.” குரல் உடையாமல் சொல்லிக்கொண்டே போனார். “வேற ஒருத்தருக்காச்சும் இது தெரிஞ்சிருக்கோணும்னு நெனச்சேன். என்ற வாயால சொன்னா நம்ப மாட்டாங்க, பொண்டாட்டி போன துக்கத்துல பேசறான்னு முதுகத் தடவுவாங்க. நீங்க கேட்டா உள்ளதைச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

“நான் உங்களுக்கு ஆறுதலா...”

“ஆறுதல் சொல்றதுக்கு ஊரே இருக்குதுங்க.” எழுந்து நின்றார். “அந்தப் பதிவைக் குடுங்க. மகளுக்குப் போட்டுக் காட்டோணும். அவ என்னயத் திட்டட்டும், பேசாமப் போகட்டும். என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுட்டுச் செய்யட்டும்.”

சுபத்ரா சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அழிச்சுட்டீங்களா?”

“ஆமாங்க.”

“அப்பொ இனி இது ஒண்ணுதானுங்க இருக்குது” என்று தன் நெற்றிப்பொட்டைத் தொட்டார். “இதையும் எடுத்துட்டா அவ கூப்புட்டதே இல்லைன்னு ஆயிரும். எனக்கு வைத்தியம் வேண்டாமுங்க. நீங்க போயிட்டு வாங்க.”

வாசல் வரை வந்து வழியனுப்பினார். பஸ் ஏறும் இடத்தையும் காட்டினார்.

அந்த வாரமே சுபத்ரா மூன்று பக்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினாள். குறுஞ்செய்தி, பதினான்கு நிமிடம், பதினொரு அழைப்பு, எல்லாவற்றையும். அனந்தகிருஷ்ணன் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

“ஆதாரம்?”

“நான் கேட்டேன், சார்.”

“ஆய்வுப் பதிவை அழிச்சது குற்றம். அதை நான் பெரிசுபண்ணல, இல்லையா? ஒரு நோயாளி, கருவியால காதுல குரல் கேக்குதுன்னு சொல்றாரு. அதை நோயாளி சொன்னதாத்தான் எழுத முடியும்.” அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். “உன்னையும் சேர்த்துத்தான் நான் காப்பாத்தறேன்.”

அவள் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கிழிக்கவும் இல்லை, வேறு யாருக்கும் அனுப்பவும் இல்லை.

ஆய்வு முடிவு வெளியானது. நாற்பது பேரில் முப்பத்தாறு பேருக்கு இரைச்சல் நீங்கியிருந்தது. கடுமையான பக்கவிளைவு எதுவும் இல்லை. ஒருவருக்கு மட்டும் ‘தற்காலிகச் செவிப் பதிவு’, அதாவது கருவியால் காதில் கேட்கும் குரல். எல்லா நோயாளிகளின் வீட்டுக்கும் அவரவர் முடிவோடு ஒரு கடிதம் போயிற்று. குரலைப் பதியவைத்துப் பார்க்கும் அடுத்த ஆய்வுக்குக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. அதற்கு விசில் கேட்பவர்கள் தேவையில்லை, நன்றாகக் காது கேட்கும் ஆலைத் தொழிலாளர்கள் நூறு பேர் போதும். சுபத்ராவை ஒருங்கிணைப்பாளராகவே தொடரச் சொன்னார்கள். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

அப்படி இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கலைவாணி அழைத்தாள்.

“மேடம், அப்பா விஷயமாத்தான். இப்ப சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு இருக்காரு. அம்மா பதினொரு தடவ கூப்பிட்டாங்களாம், இவரு கேட்டுட்டே உக்காந்திருந்தாராம். பெரியப்பா ஊட்டுல எல்லாரும் பயந்துட்டாங்க. மூளையில ஏதோ ஆயிருச்சுங்கறாங்க. நீங்க அனுப்பின கடிதத்துலயும் செவிப் பதிவுன்னு போட்டிருக்குது. அப்படின்னா அது மெஷினால வர்றதுதானே? நெசமா நடந்தது இல்லையே?”

சுபத்ரா ஜன்னலோரம் போய் நின்றாள். உண்மையைச் சொல்ல ஒரே ஒரு சொல் போதும்.

“மேடம், இருக்கீங்களா? நான் அன்னைக்கு மூணரைக்கு அம்மாகிட்டப் பேசினேன். தலை ரொம்ப வலிக்குதுன்னாங்க. அப்பாவக் கூட்டிட்டு டாக்டர்கிட்டப் போம்மான்னேன். ‘அவருக்கு முடியட்டும் கண்ணு’ன்னாங்க. சரின்னு நானும் ஃபோன வெச்சுட்டேன். அதுக்கப்புறம் அவ்வளவு நேரம் கெடந்து கூப்பிட்டாங்கன்னா... எனக்கு அது மட்டும் தெரியோணும். உண்மையா இருந்தா என்னால முடியாது மேடம்.”

“இல்லீங்க” என்றாள் சுபத்ரா.

சொன்ன பிறகு மற்றவை தாமாக வந்தன. “அது கருவியோட வேலைதான். மூளை ஒரு சத்தத்தத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கும். ரெண்டு தடவ கேட்டது பதினொண்ணா ஆயிடும். அவருக்கு உண்மை மாதிரியே தெரியும். ஆனா நடந்தது இல்ல.”

மறுமுனையில் கலைவாணி அழுதாள், நிம்மதியாக. “ரொம்ப நன்றி மேடம். ரொம்ப நன்றி.” பிறகு குரல் சற்று விலகியது. “கேட்டீங்களாப்பா? ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன். மேடமே சொல்லிட்டாங்க பாருங்க.”

யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. சுபத்ரா ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“சரிங்க, டாக்டரம்மா” என்றார் நாச்சிமுத்து. “நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கோணும்.”